அட்டைப்படத்தில் தூங்கும் குழந்தை

மார்ச் 4

என் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறாயா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் விசாரித்ததாகச் சொல்லாதே. சொன்னால் வலி கூடும்.

போனில் செய்தி அனுப்பினால் "சரி", "ம்", "பார்க்கலாம்" என்று என்னை ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறாய். அதனால்தான் பழையபடி காகிதத்துக்கு வந்துவிட்டேன். நீ ஆறு வயதில் காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்குப் போன நாளிலிருந்து நமக்குள் பேச்சு என்றால் கடிதம்தானே.

விஷயம் இதுதான். எங்கள் உலைவாய் இசைக்குழு மறுபடி மேடை ஏறப்போகிறது. "இடிக்கு நடுவில்" இசைத்தட்டு வந்து இருபத்தைந்து வருடம் ஆகிறது. அதைப் புதிதாக வெளியிடுகிறார்கள். கூடவே குழுவின் வரலாறு ஒரு புத்தகமாக வருகிறது. எழுதுவது நான். சிரிக்காதே. டயர் கடையின் பின்பக்க ஷெட்டில் நான்கு பேர் ஆரம்பித்தது, முதல் கச்சேரிக்கு வந்த முந்நூறு பேரில் கடைசியில் ஏழு பேர் மிஞ்சியது, அந்த ஏழில் இரண்டு பேர் மண்டபத்துக் காவலாளிகள் என்பது, மூன்று இசைத்தட்டு, பதினோரு வருடம், அப்புறம் ஆளுக்கொரு திசையாகப் போனது, எல்லாம் எழுதிவிட்டேன். இன்றைக்கு ஹெவி மெட்டல் வாசிக்கிற பிள்ளைகளெல்லாம் எங்களைக் கேட்டுத்தான் கிட்டாரைத் தொட்டோம் என்கிறார்கள். "சார், அந்தச் சத்தம் எப்படி சார் வந்துச்சு? எந்த ஆம்ப்ளிஃபயர்?" என்று கேட்காத ஆள் இல்லை.

எழுதிவிட்டேனே தவிர, ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது எனக்கு இந்த வயதிலும் பிடிபடவில்லை. பதிப்பகத்தில் பிழை திருத்தும் மகள் இருக்கும்போது நான் வேறு யாரிடம் போவேன்? ஆறு அத்தியாயங்கள் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஜூனில் கச்சேரி. திறந்தவெளி, சாயங்காலம்தான். அந்த இசைத்தட்டின் அட்டையில் தூங்கும் குழந்தை வளர்ந்து மேடையில் வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார். உன்னைப் பார்க்கவே கூட்டம் வரும் என்கிறான் நெட்டை மாமா. முப்பது வருடமாக பேஸ் கிட்டார் வாசித்து அவன் முதுகு வளைந்துவிட்டது. இனி அவனுக்கு வேறு பேர்தான் வைக்க வேண்டும்.

வருவாய் என்று நம்பும்,
அப்பா

•

மார்ச் 19

அன்புள்ள அப்பா,

நாங்கள் நலம். முழங்காலும் நலம். நீங்கள் விசாரித்ததைச் சொல்லவில்லை.

ஆறு அத்தியாயங்களையும் திருத்தி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையில் இருப்பது பிழை. பச்சையில் இருப்பது சந்தேகம். நல்ல கச்சேரிக்கும் "பயங்கரமான" என்று எழுதுகிறீர்கள், கெட்ட சாப்பாட்டுக்கும் அதையே எழுதுகிறீர்கள். முடிந்தவரை குறைத்திருக்கிறேன். பாடகர் மாமா இறந்ததை எழுதிய பக்கம் நன்றாக வந்திருக்கிறது. அதில் நான் கை வைக்கவில்லை.

போன வாரம் பஸ்ஸில் எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் முழங்கைக்கு மேல் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். வாயில் விரல், பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகள், எல்லாம் அச்சு அசலாகப் பச்சை குத்தியிருந்தான். இறங்கும்போது என் காலை மிதித்துவிட்டு ஏதோ சொன்னான். மன்னிப்பாக இருக்கலாம்.

ஒரு பச்சை மைச் சந்தேகம். நான்காம் அத்தியாயத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "பிப்ரவரியில் ஒரு மதியம் பாப்பாவைக் காது டாக்டரிடம் காட்டிவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தேன். ஸ்பீக்கர்களுக்கு முன்னால் துணியை விரித்துப் படுக்க வைத்தேன். நாங்கள் வாசிக்க வாசிக்க அவள் நிம்மதியாகத் தூங்கினாள். எங்கள் சத்தம் அவளுக்குத் தாலாட்டு. அட்டைப்படம் அன்று எடுத்ததுதான்."

அம்மாவின் கோப்பில் என் முதல் காதுச் சோதனை என்று இருப்பது அதே வருடம் செப்டம்பர். அன்று அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தனியாகப் போனாள். நீங்கள் வெளியூர்க் கச்சேரியில் இருந்தீர்கள். அப்படியானால் பிப்ரவரியில் எந்தக் காது டாக்டர்? மாதம் தவறா, டாக்டர் தவறா? எதைத் திருத்துவது என்று எழுதுங்கள்.

மேடைக்கு வருவதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் மகள்

•

ஏப்ரல் 2

பாப்பா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. டாக்டர்தான் தவறு என்று எழுதிவிடலாமா என மூன்று தடவை பேனாவை எடுத்தேன். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

மாதமும் சரி. டாக்டரும் சரி.

உனக்குப் பதினான்கு மாதம். சளி பிடித்திருந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டர் சந்தேகப்பட்டு உன் முதுகுக்குப் பின்னால் மணி அடித்தார். கிலுகிலுப்பையை ஆட்டினார். கடைசியில் ஒரு தகர டப்பாவை எடுத்துத் தட்டினார். நீ என் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்தாய். "பெரிய டெஸ்ட் எடுக்கணும். இவங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க," என்றார்.

வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. ஷெட்டுக்குப் போனேன். நீ அதற்குள் தோளில் தூங்கிவிட்டாய். ஸ்பீக்கருக்கு முன்னால் படுக்க வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரின் எல்லாக் குமிழ்களையும் கடைசி வரை திருப்பினேன். டிரம்ஸ் மாமா, "காது கிழியுதுடா, குறைடா," என்றான். குறைக்கவில்லை. நாற்பது நிமிடம் நிறுத்தாமல் கிட்டாரை வாசித்தேன். நீ எழுந்து அழ வேண்டும் என்றே வாசித்தேன். ஜன்னல் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்தது. நீ வாயில் விரலைப் போட்டுக்கொண்டு தூங்கினாய்.

நெட்டை, "உன் பொண்ணு நம்ம ஆளுடா," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். முதலில் சிரித்தது நான்தானோ என்னவோ. அவன் அண்ணன் கேமராவை எடுத்தார்.

எல்லோரும் கேட்கிறார்களே, அந்தச் சத்தம் அன்றைக்கு வந்ததுதான். அதற்கப்புறம் குமிழை நான் திருப்பி வைக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒலிப்பதிவு. அம்மாவிடம் சொன்னால் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்தேன். பதிவு முடிந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு ஊர் ஊராகக் கச்சேரி. ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் என்றேன். செப்டம்பரில் அவளே கண்டுபிடித்தாள். அவள் அழுதபோது நானும் அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி அழுதேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவிடம் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

அப்பா

•

ஏப்ரல் 25

அன்புள்ள அப்பா,

காட்டினேன். அம்மா படித்துவிட்டுக் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். அது பறக்காமல் இருக்கத் தண்ணீர்ச் செம்பை எடுத்து மேலே வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையால் சொன்னாள்: "ஏழு மாசம் உன் பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். திரும்பலன்னா அடம்னு நினைச்சேன். ஒரு நாள் அடிச்சும் இருக்கேன்."

அதற்கப்புறம் இரண்டு நாள் அவள் சமைக்கவில்லை.

எனக்கும் கோபம் இருக்கிறது. கொஞ்சநஞ்சம் கேட்கும் சக்தி மிச்சம் இருந்திருந்தால், அந்த நாற்பது நிமிடத்தில் அதுவும் போயிருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் என்னை எழுப்புவதற்காக ஒருவர் ஜன்னல் கண்ணாடி விழும்வரை வாசித்தார் என்பதை இந்த வயதில்தான் தெரிந்துகொள்கிறேன். பஸ்ஸில், கடையில், சட்டையில் எங்கெங்கோ பார்த்துச் சலித்த அந்தப் படத்தை வீட்டுக்கு வந்து முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன்.

நீங்கள் உங்கள் ரகசியத்தைச் சொன்னதால் நானும் ஒன்று சொல்கிறேன். <u>இது உங்களுக்கு மட்டும்.</u>

சின்ன வயதில் நீங்கள் உள் அறையில் வாசிக்கும்போது நான் மர அலமாரியில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பேன். அலமாரி நடுங்கும். பல் நடுங்கும். அப்பா என்றால் அந்த நடுக்கம் என்றே நினைத்திருந்தேன். எனக்கு ஐந்து வயதாகும்போது நீங்கள் வீட்டை விட்டுப் போனீர்கள், அலமாரி சும்மா நின்றது. அப்புறம் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் சாய்ந்தேன். அதுவும் நடுங்கியது. விடுதிக்குப் போகும்வரை தினமும் பள்ளி விட்டு வந்ததும் ஃப்ரிட்ஜில் கன்னம் வைத்து நிற்பேன். குளிருக்காக நிற்கிறேன் என்று அம்மா நினைத்தாள். நான் உங்களோடு இருந்தேன்.

மேடைக்கு வருகிறேன். பேச்சு எதுவும் வேண்டாம். ஓரமாக நிற்கிறேன். நான்காம் அத்தியாயத்தில் அந்தத் தாலாட்டு வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். ஒன்றும் எழுதாமல் விட்டாலும் பத்தி சரியாகவே நிற்கிறது.

அன்புடன்,
உங்கள் மகள்

•

ஜூன் 17

அப்பா,

ஓரமாக நிற்கிறேன் என்று சொன்னேன், நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு மேடைப் பலகைமேல் வெறுங்காலோடு நின்றேன். முதல் மூன்று பாட்டுகளும் உள்ளங்காலில் ஏறிப் பல்வரை வந்தன. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களிடம் சொல்லியிருப்பேன்.

பிறகு நீங்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டு மைக்கின் முன்னால் வந்தீர்கள். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தீர்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களின் பட்டியல் என்று நினைத்தேன். வெகுநேரம் படித்தீர்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். தாடி வைத்த ஒரு பெரிய ஆள் கண்ணைத் துடைத்தான். அப்பா என்னை அறிமுகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு கையசைத்தேன். சிரித்தேன். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். நான் இரண்டு கைகளையும் தூக்கி அசைத்தேன்.

என்னோடு வந்தவள் என் அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கிற தோழி. மதிய இடைவேளையில் என்னோடு வம்பு பேச வேண்டும் என்பதற்காகவே மூன்று மாதத்தில் சைகை மொழி கற்றுக்கொண்டவள். அவள் மூன்றாம் வரிசையில் நின்றாள். அத்தனை கைகளுக்கு நடுவில் இரண்டு கைகள் மட்டும் பேசின. "உன் கடிதம். படிக்கிறாங்க. ஃப்ரிட்ஜ்." அவளுக்கு ஃப்ரிட்ஜ் கதை தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. என் கைகள் அப்போதும் மேலேதான் இருந்தன.

"இது உங்களுக்கு மட்டும்" என்ற வரியையும் சேர்த்தே படித்தீர்களாம். அந்த இடத்தில்தான் கூட்டம் அதிகமாக அழுததாம்.

மேடையில் நான் நிற்பதும் தெரியும், எனக்குக் கேட்காது என்பதும் தெரியும். தெரிந்துதான் படித்தீர்கள். அன்றைக்கு ஷெட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன், இன்றைக்கு விழித்துக்கொண்டு நின்றேன். மற்றதெல்லாம் அப்படியேதான் நடந்தது. நீங்கள் சத்தம் போட்டீர்கள், எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

மகள்

•

ஜூன் 26

என் பாப்பாவுக்கு,

கோபத்தில் எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், அப்பாவிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவாய்.

மறைத்தது தப்பு என்று உனக்கும் அம்மாவுக்கும் வருத்தம். அதனால்தான் இனி எதையும் மறைக்கக் கூடாது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும் சொன்னேன், ஏழு மாதத்தையும் சொன்னேன். என்னை நானே காட்டிக்கொடுத்துக்கொண்டேன். அதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். டிரம்ஸ் மாமா என்னைக் கட்டிக்கொண்டு, "இத்தனை வருஷம் எங்க கிட்டகூட சொல்லலியேடா," என்று அழுதான். நீ மட்டும்தான் இப்படி எழுதுகிறாய்.

உன் கடிதத்தைப் போல நான் ஒரு வரிகூட எழுத முடியாது பாப்பா. அதனால்தான் படித்தேன். ஃப்ரிட்ஜ் வரியைப் பிள்ளைகள் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். நான் சொல்லவில்லை, அவர்களாகவேதான். பதிப்பாளர் உன் கடிதத்தையே கடைசிப் பக்கமாக வைக்கலாம் என்கிறார். புத்தகம் பத்தாம் தேதி அச்சுக்குப் போகிறது. அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா

•

ஆகஸ்ட் 30

பாப்பா,

உன்னிடமிருந்து பதில் நின்றதிலிருந்து இது நான்காவது கடிதம். மற்ற மூன்றும் வந்ததா என்று தெரியவில்லை. வந்திருக்கும்.

அன்றைக்கு உன் அலுவலகத்துக்கு வந்தது சொல்லாமல் வந்ததுதான். வேறு வழி தெரியவில்லை. உன் கடிதத்தைக் கடைசிப் பக்கமாக வைத்து வந்த புத்தகத்தை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று இருந்தது. வரவேற்பறையில் இருந்த பெண், "உலைவாய் சாரா?" என்று எழுந்து நின்றாள். நீ இறங்கி வந்தாய். இளைத்திருக்கிறாய். உன் தோழியும் கூட வந்தாள்.

புத்தகத்தை நீட்டினேன். நீ அதை வாங்கிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு என்னிடம் பேச ஆரம்பித்தாய். கையால். இத்தனை வருடத்தில் நீ என்னிடம் அப்படிப் பேசியதே இல்லை. எனக்குப் புரியாது என்று ஒரு துண்டுக் காகிதத்தையோ போனையோ எடுப்பாய். அன்றைக்கு இரண்டையும் எடுக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். உன் தோழிக்குக் கண் நிறைந்தது. எனக்குச் சொல்ல வாயைத் திறந்தாள். நீ அவள் மணிக்கட்டைப் பிடித்து வேண்டாம் என்று தலையசைத்தாய். அது ஒன்றுதான் எனக்குப் புரிந்தது.

நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். வரவேற்பறையில் நான்கைந்து பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புரிகிற மாதிரி ஆட்டினேன். சில இடத்தில் சிரிக்கவும் செய்தேன் என்று நினைக்கிறேன். சிரிக்க வேண்டிய இடமா என்று தெரியாது. கடைசியில் நீ நெஞ்சில் ஒரு கையை வைத்து, அதை எடுத்து என் பக்கமாக ஏதோ செய்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாய். புத்தகம் நாற்காலியிலேயே இருந்தது.

அந்தக் கடைசிச் சைகையைச் சைகை மொழி தெரிந்த ஒருவரிடம் செய்து காட்டிக் கேட்டேன். எந்தக் கை, விரல் மடங்கி இருந்ததா நீண்டிருந்ததா, உள்ளங்கை எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "இது மாறினா அர்த்தமே மாறிடும் சார்," என்றார்.

திட்டினாயா, மன்னித்தாயா, இனி வராதே என்றாயா? எதுவாக இருந்தாலும் சரி. நீ என்ன சொன்னாய் என்று ஒரு வரி எழுது.

அப்பா