வாசலில் துவாய் கொடுக்கும் வேலை

அன்புள்ள உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? பிரஷர் குளிசையை விட்டுவிடாதீர்கள். உங்கள் துஆவால் நான் சுகம். ஊருக்கு வரும் இத்ரூஸ் நானா கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விமான நிலையத்தில் எனக்குப் பாரமான வேலை இல்லை. வந்திறங்கும் பெரிய டிக்கட்காரர்கள் குளித்து, சாப்பிட்டு, இளைப்பாற ஒரு லவுஞ்ச் இருக்கிறது. அதன் வாசலில் நின்று கார்டைப் பார்த்துத் துவாய் கொடுப்பேன். எல்லாப் பயணிகளுக்கும் இந்த வசதி வேண்டுமா என்று போன கிழமை கொம்பனி ஒரு படிவம் கொடுத்தது. உள்ளே இருந்தவர்களிடம் மட்டும்தான் கேட்டார்கள். அவர்கள் வேண்டாம் என்று எழுதினார்கள்.

அன்று வீட்டு வேலைக்கு வந்திறங்கிய ஓர் அக்கா, கூட்டிப்போக ஆள் வராமல் காலையிலிருந்து தரையில் இருந்தார். என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"நம்ம நாட்டுப் புள்ளதானே? நான் எல்கடுவத் தோட்டமுங்க. கால் வீங்கிப்போச்சு, அந்தக் கதிரையில கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா தம்பி?"

மேலாளர் பக்கத்தில் நின்றார். நான் தமிழே தெரியாதவன்போல இங்கிலீசில் முடியாது என்றேன். "பரவாயில்லைங்க" என்று சிரித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான், நீங்கள் யோசிக்க வேண்டாம்.

தங்கச்சி ஜெஸ்லாவுக்கும் இங்கே வீட்டு வேலைக்கு விசா வந்துவிட்டது, இனி நிறுத்த முடியாது. அவளுடைய கைப்பையில் பிஸ்கட்டும், தரையில் விரிக்கப் பழைய துவாய் ஒன்றும் வையுங்கள். இத்ரூஸ் நானா கடிதத்தைக் கேட்டு அவசரப்படுத்துகிறார். இறங்கியதும் என் வாசலுக்கு மட்டும் வரவேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள் உம்மா.

மகன் றிகாஸ்