உங்கள் மூன்றும் என் நான்கும்

சமையலறையில் காலையிலிருந்து வினிகர் வாசனை. மூச்சு மெஷினின் தண்ணீர்த் தொட்டியை வெதுவெதுப்பான நீரில் வினிகர் கலந்து ஊறப் போட்டிருக்கிறேன். நம் வீட்டுக்குள் வினிகர் பாட்டில் நுழைந்ததே அந்தத் தொட்டிக்காகத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் புளிப்பு கிளம்பியதும் ஹாலில் இருந்தபடியே, "யார் வீட்டுல ஊறுகாய் போடறாங்க?" என்று கேட்பீர்கள். வருஷக்கணக்கில் அதே கேள்வி. "வந்து கழுவிக் குடுங்க, தெரியும்" என்று நானும் அதே பதிலைச் சொல்வேன். இன்று கேட்க ஆளில்லை. ஊறுகிற தொட்டியும் உங்களுடையது இல்லை, என்னுடையது. அந்தக் கதையை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்களுக்கு அந்த வியாதி இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான்தான். தலைக்கு மேல் விமானப்படை விமானம் போனாலும் எனக்குத் தூக்கம் கலையாது. உங்கள் குறட்டையிலும் தூங்கப் பழகியிருந்தேன். குறட்டை நின்றால்தான் விழிப்பு வரும். எழுந்து பார்த்தால் உங்கள் வாய் திறந்திருக்கும், மார்பு அசையாது. தோளைப் பிடித்து உலுக்குவேன். திணறி ஒரு மூச்சை இழுத்துவிட்டு என் மேல் எரிந்து விழுவீர்கள். மற்ற நேரத்தில் மரியாதையாகப் பேசுகிற மனுஷருக்குத் தூக்கம் கெட்டால் மட்டும் பிறந்த ஊரான அனகாபுத்தூர் பாஷை வந்துவிடும். "இன்னா இப்போ? மூச்சு நின்னா எனக்குத் தெரியாதா?"

தெரியாது என்பதுதான் அந்த வியாதியே. சானடோரியம் பக்கத்து டாக்டரம்மா அதைப் படம் போட்டு விளக்கிய பிறகுதான் நம்பினீர்கள். மெஷின் வந்தது. மூக்கில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டால், குழாய் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் பெட்டி. விடிய விடியக் காற்றடித்தால் மூக்கு காய்ந்துபோகும் என்பதால் அதோடு ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தண்ணீர் சூடாகிக் காற்றில் ஈரம் சேரும். எவ்வளவு ஈரம் என்பதற்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை எண். மாஸ்க் உங்கள் பொறுப்பு, தண்ணீர் என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம். சமையலைப் போல அதுவும் கடைசியில் முழுக்க என் தலையில்தான் விழுந்தது.

நிறைய ஈரம் நல்லதுதானே என்று முதலில் ஐந்தில் வைத்தோம். ஏசி குளிரில் ஆவி குழாய்க்குள்ளேயே தண்ணீராகி, கொடகொடவென்று சத்தம் போட்டு, உங்கள் மூக்கில் தெளித்தது. "வீட்டுக்குள்ளயே மழை பெய்யுதுடி" என்று மாஸ்க்கைக் கழற்றி எறிந்தீர்கள். என் பழைய பச்சைச் சுங்குடிப் புடவையைக் கிழித்துக் குழாய்க்கு நீளமாக ஓர் உறை தைத்துப் போட்டேன். நாலு தெருவுக்கு ஜாக்கெட் தைக்கிறவளுக்கு அது என்ன பெரிய வேலை. "பச்சைப் பாம்பு படம் எடுக்குது பார்" என்று கேலி செய்தாலும், அதற்குப் பிறகு குழாய் குளிராமல் தண்ணீர் கட்டுவது குறைந்தது. எண்ணையும் ஒவ்வொன்றாகக் குறைத்து மூன்றுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கு எனக்கு ஒரு கணக்கு இருந்தது. காலையில் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையைக் கேட்பேன். குரல் கரகரத்தால் எண்ணை ஏற்ற வேண்டும். மூக்கில் நீர் கோத்துக்கொண்டு பேசினால் இறக்க வேண்டும். "காபி" என்று நீங்கள் சுத்தமாகச் சொன்ன அன்றைக்கு எண் மூன்று. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஏசி தண்ணீர் கூத்தை மறக்க முடியுமா? மெடிக்கலில் வாங்கும் காய்ச்சி வடித்த நீரைத்தான் ஊற்ற வேண்டும், நம் போர் தண்ணீரின் உப்பு தொட்டியில் வெள்ளையாகப் படிந்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு நாள் பாட்டில் தீர்ந்துபோனது. பால்கனியில் இன்வெர்ட்டர் பேட்டரிக்காக ஏசி சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தேன். அதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆவி குளிர்ந்து வந்த தண்ணீர், இதைவிடச் சுத்தம் எங்கே கிடைக்கும் என்று பெரிய விஞ்ஞானி மாதிரி தொட்டியில் ஊற்றிக்கொண்டீர்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஈரத்துணி நாற்றம், அதன் பின்னாலேயே இருமல். டாக்டரம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், அது ஏசிக்குள்ள இருக்கிற தூசியையும் பூஞ்சையையும் கழுவிக்கிட்டு வர்ற தண்ணி. அதையா மூச்சுல இழுத்தீங்க?" வெளியே வந்ததும் என் காதோடு சொன்னீர்கள்: "நல்லவேளை, இன்வெர்ட்டருக்கு இருமல் வரல."

இப்படி ராத்திரிக்கு ராத்திரி நான் காவல் காத்தேன். நீங்கள் பட்டப்பகலில் போனீர்கள். பேப்பர் மடியில் இருந்தது, கண்ணாடி மூக்கில் இருந்தது. சாம்பாரை இறக்கி வைத்துவிட்டு வந்து கூப்பிடுகிறேன், நீங்கள் இல்லை. எந்த நேரத்துக்குப் பயந்தேனோ அந்த நேரத்தில் போகாமல் வேறு நேரமாகப் பார்த்துப் போனதில் எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம்தான்.

காரியமெல்லாம் முடிந்தும் மகள் சில வாரம் என்னோடு தங்கினாள். உங்கள் இடத்தில் படுத்துக்கொண்டாள். ஒரு காலையில் காபி ஆற்றிக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அம்மா, நீ தூக்கத்துல மூச்சே விடல. நான் பயந்துட்டேன்."

"போடி. மூச்சு நின்னா எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்ததும்தான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது தனக்கு வந்தாலும் தெரியாத வியாதி. எத்தனை காலமாக எனக்கு இருந்ததோ! குறட்டை நின்றால் விழித்துக்கொள்ள நீங்கள் நானில்லையே. மாஸ்க்கை மாட்டினால் இடி விழுந்தாலும் எழாத ஆள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த நிம்மதியான தூக்கத்தைக் கொண்டுவரத்தானே நான் அவ்வளவு பாடுபட்டேன்.

பரிசோதனை முடிந்தது. புது மெஷின் எதற்கு என்று உங்களுடையதிலேயே காற்றின் அழுத்தத்தை எனக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுத்தார்கள். மாஸ்க், குழாய், தொட்டி மட்டும் புதிது. மகள் புனேவுக்குக் கிளம்பும்போது கறாராகச் சொன்னாள். "அடுத்த தடவை டாக்டர் மெஷின் ரிப்போர்ட் பார்ப்பாங்க. நீ ஒழுங்கா போடலைன்னு தெரிஞ்சா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். தனியா விட்டுட்டு என்னால அங்க தூங்க முடியாதும்மா." அவள் பயம் நியாயம்தான். ஆனால் புனேவில் எனக்கு என்ன இருக்கிறது? அவள் வீட்டில் நான் விருந்தாளி. இங்கே என் தையல் மெஷின், என் வாடிக்கைக்காரிகள், என் கதவு, என் சாவி. உங்களையும் இழந்து இதையும் விட்டால் பிறகு நான் யார்?

அதனால் சபதம் போட்டதுபோல் மாட்டிக்கொண்டேன். முடியவில்லை. மூக்கு எரிந்தது. காலையில் கைக்குட்டையில் ரத்தக்கோடு. தூக்கத்திலேயே என் கை மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டது. வேலைக்கு வரும் அஞ்சலை வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாம்மா, தொண்ட இப்டி கட்டிக்கினுகீது? கஷாயம் வெச்சுக் குடிக்கிறதுதான?" கஷாயத்தில் தீருகிற விஷயமா அது?

விஷயம் எனக்குத் தெரியும். அழுத்தத்தை மாற்றியவர் ஈரத்தின் எண்ணைத் தொடவில்லை. மெஷினைப் போட்டதும் மூன்று என்று காட்டியது. நான் உங்களுக்காகப் பார்த்துப் பார்த்து வைத்த மூன்று. உங்கள் சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், செருப்பைக் கொடுத்துவிட்டேன், ரேஷன் கார்டில் பெயரைக்கூட எடுத்தாயிற்று. இது ஒன்றுதான் நீங்கள் விட்டுப்போனபடியே இருந்தது. ஒருவருடைய தொண்டை வறண்டதற்கு என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிந்தவள், தன் மூக்கில் ரத்தம் வந்தும் அந்த எண்ணை மாற்றாமல் கிடந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். நீங்கள் பார்த்திருந்தால் அனகாபுத்தூர் பாஷையிலேயே திட்டியிருப்பீர்கள்.

தவணைக்கு முன்பே டாக்டரம்மாவிடம் போனேன். அவர் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாருக்கு வெச்சது அப்படியே இருக்கு" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காததுபோல் மருந்துச்சீட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவர் மூக்கு வேற, உங்க மூக்கு வேறம்மா. நீங்க வாயத் தெறந்து தூங்கறீங்க, உங்களுக்கு இன்னும் ஈரம் வேணும். நான் மாத்தட்டுமா?"

"வேணாம் டாக்டர். நானே மாத்திக்கறேன்."

வீட்டுக்கு வந்து, பகல் வெளிச்சத்திலேயே மாற்றினேன். ஒரே ஒரு திருப்பு. மூன்று போய் நான்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து தொட்டியைக் கோடுவரை நிரப்பினேன். அந்த நான்கில் எனக்கு நீர் தெளிக்கவில்லை, ரத்தமும் வரவில்லை. போன வாரம் ரிப்போர்ட் பார்த்தார்கள். டாக்டரம்மாவே மகளிடம் போனில் பேசினார். "சரிம்மா, உன் வீட்லயே இரு" என்றாள் அவள். அவள் குரலில் கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

இந்த வீடு இப்போதைக்கு என்னுடையதுதான். ஆனால் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. மழை வந்தால், ஏசியை நிறுத்தினால், எண்ணை மறுபடி சரிபார்க்க வேண்டும். அதற்கு எனக்குத் தெரிந்த கணக்கு காலையின் முதல் குரல் ஒன்றுதான். அஞ்சலை வருகிறவரை நான் வாய் திறக்க வழியே இல்லை. அவள் வருவதற்குள் தண்ணீர் குடித்து, காபி குடித்து, குரல் சரியாகிவிடும். அப்புறம் எதை வைத்துப் பார்ப்பது? எழுந்ததும் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணிப் பார்த்தேன். கல்யாண மண்டபத்தில் மைக் சரிபார்ப்பதுபோல் இருந்தது, வெட்கமாகிவிட்டது. உங்கள் பெயரைச் சொல்லலாம் என்றால் அது என் வாயில் வந்து பழக்கமே இல்லை.

இன்று காலை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, படுத்தபடியே, "என்னங்க" என்றேன்.

குரல் தெளிவாகத்தான் இருந்தது. நான்கு எனக்குச் சரியான எண்தான். அது தெரிந்த பிறகும், பழக்க தோஷம், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தேன்.