அரை மணிக்கு ஒரு கட்டம்

மார்ச் 4

இன்றும் ஒரு லீவ் லெட்டர். வயிற்று வலி என்னுடையது, எழுத்து அப்பாவுடையது, எழுதியது நான். டீச்சர் வாசித்துவிட்டு, அப்பா எழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அவரிடம் கற்றுக்கொள் என்றார். கற்றுக்கொண்டதால்தானே டீச்சர் இந்த லெட்டரே!

அப்பா சாவிக் கடைக்காரர். அவர் டூப்ளிகேட் சாவி போடுவார், நான் டூப்ளிகேட் கையெழுத்து போடுவேன். குடும்பத் தொழில். ஆனால் பார்க்கின்சன் வந்த பிறகு அவர் நிஜமாகப் போடும் கையெழுத்து எறும்பு சைசுக்குச் சுருங்கி, கோணி, பாதியில் நின்றுவிடுகிறது. டீச்சருக்கு அது தெரியாது.

மார்ச் 9

பெரிய ஆஸ்பத்திரி. அப்பா மூளையில் டோபமின் செய்கிற செல்கள் செத்துக்கொண்டே வருகின்றன. மாத்திரை ஈடுகட்டுகிறது, கொஞ்ச நேரத்துக்கு. ஸ்டெம் செல்லில் இருந்து வளர்த்த புதுச் செல்களை, மண்டையில் சின்ன ஓட்டை போட்டு உள்ளே நடுவார்களாம். பிடிக்க ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், பிடிக்காமலும் போகலாம். இது இன்னும் சோதனைதான் என்று டாக்டரம்மா மூன்று தடவை சொன்னார்.

"அப்போ நடுக்கத்துக்கு நடவா டாக்டர்?" என்றேன். அம்மா தொடையைக் கிள்ளினாள். அப்பா சிரித்தார். இப்போதெல்லாம் அவர் முகத்துக்குச் சிரிப்பு வந்து சேர நேரமாகும். டாக்டரம்மா அடுத்த விஷயத்துக்குப் போன பிறகுதான் வந்தது.

அந்தச் சோதனையில் பாக்கி இருப்பது ஒரே இடம். வயது அறுபதுக்குள் இருக்க வேண்டும். அப்பாவுக்கு நவம்பரில் அறுபது. அடுத்த குழு அடுத்த வருஷம். ஆக, இதை விட்டால் கிடையாது.

நான்கு வாரத்துக்கு வீட்டில் ஒரு அட்டவணை எழுத வேண்டும். அரை மணிக்கு ஒரு கட்டம்: உடம்பு இலகுவா, இறுக்கமா, தூக்கமா. தினமும் கீழே இரண்டு வரி குறிப்பு.

மார்ச் 11

அப்பா ஒரு டிக் போட்டு முடிப்பதற்குள் அடுத்த அரை மணி வந்துவிடுகிறது. அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, அவர் சொல்வதை நீ எழுது, சொல்வதை மட்டும் எழுது என்றாள். நான் ஸ்கூலில் இருக்கும் நேரத்தை அப்பா சாயந்திரம் சொல்வார்.

மார்ச் 16

காலை ஒன்பது, நான் ஸ்கூலுக்குக் கிளம்பும் நேரம். அப்பா சட்டையில் ஒரு கையை விட்டபடி அப்படியே நின்றுவிட்டார். இருபது நிமிஷம். "சிலைக்கு மாலை போடட்டுமா?" என்று கேட்டேன். கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. சீ, என்ன வாய் எனக்கு.

'இறுக்கம்' என்று போட வேண்டும். போடவில்லை. ஒரு இடத்துக்கு எத்தனை பேர் அடித்துக்கொள்வார்கள் — மார்க் குறைந்தவனை எவன் சேர்த்துக்கொள்வான்? 'இலகு' போட்டேன். முந்தைய நாட்களையும் புதுத் தாளில் திருத்தி எழுதினேன். குறிப்பெல்லாம் அப்பாவின் பழைய எழுத்தில்: "இன்று நன்றாக இருந்தேன்." முத்து முத்தாக வந்தது.

மார்ச் 25

அப்பாவுக்கு இன்று தொண்ணூற்றைந்து மார்க்.

ஏப்ரல் 8

கொடுத்துவிட்டோம். நர்ஸ் புரட்டிப் பார்த்து, ரொம்ப நீட்டா இருக்கு என்றார். எனக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏப்ரல் 20

எழுதவே பிடிக்கவில்லை.

டாக்டரம்மா நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார். "மாத்திரையிலயே இவ்வளவு நல்லா இருக்கீங்க. உங்க மண்டையில ஓட்டை போடறது நியாயமில்லைங்க." மாத்திரை அடங்கி உடம்பு இறுகும் நேரம் தினமும் மூன்று மணியாவது இருப்பவர்களுக்குத்தான் இந்த இடமாம். எங்கள் அட்டவணையில் ஒரு மணிகூட இல்லை. குறிப்பைக் காட்டி, இந்த நோயில் எழுத்து சுருங்கும், உங்களுக்கு அதுவும் இல்லையே, நீங்கதானே எழுதினது என்று கேட்டார்.

அப்பா தாளை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமாங்க, நான்தான்."

நான் வாயைத் திறக்கவில்லை. எதெதற்கோ திறக்கிற வாய்.

வெளியே பஸ் ஸ்டாப்பில், அம்மா டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது அப்பா மெதுவாகச் சொன்னார்: "வாலு, நான் பூட்டுக்குத்தான் டூப்ளிகேட் போட்டேன். நீ எனக்கே போட்டுட்ட."

ஏப்ரல் 21

ஸ்கூலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அந்த இடம் நேற்றே இன்னொருவருக்குப் போய்விட்டது. "உங்கப்பா தானே எழுதினதா சொன்னாரேம்மா, அதையும் பதிவு பண்ணியாச்சு" என்றார். ஆக, உண்மையைச் சொல்லப் போய் அப்பாவைப் பொய்யர் ஆக்கிவிட்டு வந்திருக்கிறேன். நன்றாக இருக்கிறது என் சாமர்த்தியம்.

அம்மா மூன்று நாள் பேச மாட்டாள் என்று நினைக்கிறேன்.

மே 2

பதினோரு நாள் ஆகிவிட்டது.

ஜூன் 15

கடையில் சாயந்திரம் சாவி வெட்டுவது நான்தான். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து, இன்னும் ஒரு பல் பாக்கி என்பார். அட்டவணையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. நேற்று இறுக்கம் நாலரை மணி. இதுதான் அந்த ஒரு இடத்துக்கான மார்க்.

நவம்பர் 18

போன வாரம் அப்பாவுக்கு அறுபது முடிந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாளை மறுநாள் அவரை மாத்திரை மாற்ற அழைத்துப் போக வேண்டும். லீவ் லெட்டரை நான் எழுதி, கையெழுத்தை அவரையே போடச் சொன்னேன். ஆறு நிமிஷம் ஆனது. எறும்பு சைஸ். பாதியில் நின்று, மறுபடி கிளம்பி, கோட்டுக்குக் கீழே போய் முடிந்தது.

இந்த வருஷமும் அதே டீச்சர்தான். பழைய லெட்டரை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது உங்கப்பா போட்டதே இல்ல. யார்கிட்ட விளையாடற? நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு அவரைக் கூட்டிட்டு வா."

ஒன்பது மணிக் கட்டம் ஐந்து மாதமாக 'இறுக்கம்'.

"பத்தரைக்குக் கூட்டிட்டு வரட்டுமா டீச்சர்?" என்றேன்.

ஏன் என்று கேட்டார். அந்தப் பழைய லெட்டரில் இருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.