நீ போட்ட ஒற்றை நட்சத்திரம்

அன்புள்ள வாலுப் பெண்ணுக்கு,

அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா நேற்றிலிருந்து சுகம், அங்கே நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கிச் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ பாதியிலேயே குறுக்கே விழுவாய், எனக்கும் கோர்வை விட்டுப்போகும், ஞாயிற்றுக்கிழமைக் கூத்தே அப்படி வந்ததுதான். எழுதி முடித்ததும் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார். கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் நீ வாயைத் திறக்க வேண்டும், சொல்லிவிட்டேன். எனக்குக் கை பரபரக்கிறது, எழுத்து கோணலாய் இருந்தால் பொறுத்துக்கொள்.

எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நீ அங்கிருந்தபடியே மேசை பதிவு செய்து கொடுத்தாயே, அந்த ஓட்டல். வாசலில் விளக்கும் கண்ணாடியும் ஜொலித்ததைப் பார்த்து, புதுச் செருப்பு போட்டு வந்தது நல்லதாய்ப் போயிற்று என்று நினைத்தேன். உட்கார்ந்து முக்கால் மணி நேரம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. பதினான்கு மேசைக்கு ஒரே ஒரு பெண், தலையில் சிவப்புக் கிளிப், சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள், அப்பா அப்போதே அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டார். சூப் ஆறிப்போய் வந்தது, அதிலும் பாதி என் மடியில். கோழியை வெட்டினால் எலும்போரம் சிவப்பு, மேலே மூக்கைத் துளைக்கும் மசாலா. ஐஸ்கிரீம் உருகி மறுபடி உறைந்தது போல ஊசி ஊசியாய். உன் அப்பாவோ சமையலறைப் பக்கம் காதைத் திருப்பிக்கொண்டு, கம்ப்ரசர் சத்தம் சரியில்லையே, நின்னு நின்னு ஓடுதே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் ஃபிரிட்ஜ் பழுது பார்த்த காது, அதற்குக் கல்யாண நாளாவது ஒன்றாவது. நான் எரிச்சலில், இங்க வந்தும் உங்க தொழில்தானா, பேசாம சாப்பிடுங்க என்று அதட்டினேன். பாவம் மனுஷன், என் வாய்க்குப் பயந்து தன் தட்டைக் காலி செய்து, நான் ஒதுக்கியதையும் இழுத்து வைத்துச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் குளியலறைப் பக்கமே குடியிருந்ததை நீ அறிவாய்.

ஆனால் என் கோபத்தை அன்றைக்கு யாரிடம் காட்டினேன்? பம்பரத்திடம். உனக்கெல்லாம் எதுக்கும்மா சம்பளம் என்று பத்துப் பேர் காதில் விழக் கேட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வெளியே வந்த சூட்டில் உனக்குப் போன் செய்து கொட்டித் தீர்த்தேன். அப்பா சீரியசாகத்தான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், நாம் இரண்டு பேரும் விட்டோமா? நான் சூட்டில் சொன்னேன், நீ அதைவிடச் சூட்டில் இணையத்தில் அந்த ஓட்டலைப் பற்றி எழுதினாய். ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, சிவப்புக் கிளிப் மாட்டிய பெண் திமிர் பிடித்தவள், கெட்ட கறியைத் தெரிந்தே கொண்டுவந்து வைத்தாள் என்று. படித்துவிட்டு நானும் சபாஷ் என்று பதில் போட்டேன், மறுக்கவில்லை.

புதன்கிழமை காலையில்தான் என் மூக்குக்கண்ணாடியை அந்த மேசையிலேயே மறந்தது நினைவுக்கு வந்தது. கடை திறக்கும் முன்பே போய்விட்டேன். பின்வாசல் வழியாக நுழைந்தால், சமையலறைக் கதவில் ஒரு தாள். நீ எழுதியதை அப்படியே அச்செடுத்து ஒட்டி, கீழே முதலாளி சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்: இந்த மாதச் சம்பளத்தில் பாதி பிடித்தம், சனிக்கிழமையோடு வேலை முடிந்தது. அப்போது பம்பரம் வந்தாள், என் கண்ணாடியைக் கழுவித் துடைத்துத் தாளில் சுற்றி வைத்திருக்கிறாள், என்னை அடையாளம் தெரிந்தும் முகம் சுளிக்காமல் நீட்டினாள். கறி கெட்டுப்போச்சுன்னு அன்னைக்குக் காலையிலயே நானும் மாஸ்டரும் சொன்னோம்மா, முதலாளிதான் மசாலாவக் கூடப் போட்டு அனுப்புன்னுட்டாரு என்றாள். இன்னொரு பெண்ணை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டதற்குத்தான் அவள் மேல் ஏற்கனவே முதலாளிக்குக் காட்டம். சாப்பிட வருகிறவர்கள் வைக்கும் டிப்ஸும் முதலாளி பூட்டிய டப்பாவுக்குள் போகிறதாம். நான் என்ன சொல்ல? அந்தத் தாளில் இருக்கிறது என் வாய்தான்மா, எழுதின கை என் மக கை என்று சொல்லிவிட்டேன். அவள் திட்டியிருந்தால் தேவலை. சாருக்கு இப்ப உடம்பு எப்படிம்மா இருக்கு என்று கேட்டாள்!

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். இன்று காலை எழுந்து பார்த்தால், பரணில் கிடந்த கருவிப் பெட்டியை இறக்கி, பழைய வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார், வயிற்றில் பொத்தான்தான் பூட்டவில்லை. நானும் ஒட்டிக்கொண்டேன். நேரே ஓட்டல் சமையலறைக்குள் போய் ஃபிரிட்ஜை இழுத்தார் பார், அடி பெண்ணே, நீ பார்த்திருக்க வேண்டும்! பின்னால் கம்பிவலை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கம்பளி மாதிரி அப்பியிருக்கிறது. கதவு ரப்பர் கிழிந்து தொங்குகிறது. உள்ளே நாலு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் பதினெட்டு. முதலாளி ஓடிவந்து, யாருய்யா நீ, வெளிய போ என்று கத்தினார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், ஞாயித்துக்கிழமை உங்க கோழியச் சாப்பிட்டவன், இன்னும் உயிரோடதான் இருக்கேன் என்றார். எனக்கு விசில் அடிக்கத் தெரியாமல் போய்விட்டது!

கூலி வேண்டாம், சரி செய்து தருகிறேன், ஆனால் இருக்கிற கறி முழுக்கக் குப்பைக்குப் போக வேண்டும், அந்தத் தாள் கதவை விட்டு இறங்க வேண்டும், சம்பளம் முழுசாய்த் தர வேண்டும், டப்பாச் சாவி பரிமாறுகிறவர்களிடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இப்போதே சுகாதார அலுவலகம் போகிறேன் என்றார் அப்பா. முதலாளி வாயைத் திறப்பதற்குள் மாஸ்டர் கறித் தட்டுகளை எடுத்துக் கவிழ்க்க ஆரம்பித்துவிட்டார், தட்டு கழுவுகிறவரும் கூடச் சேர்ந்துகொண்டார். முதலாளி முழிபிதுங்கி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுக்கு மட்டும் மசியவில்லை. ஊரே அந்த எழுத்தப் படிக்குது, அது மாறினா அவ இருக்கட்டும், சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பாக்கறேன் என்றுவிட்டார். அவர் கெட்டது அவரோடு, இது நம் கையில் இருக்கிறது. அப்பா இனி திங்கட்கிழமைதோறும் போய் ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டுப் பார்ப்பாராம், மனுஷனுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது, சாயங்காலம் முழுக்க ஒரே பாட்டு.

ஆகவே நீ எழுதியதை அழித்தால் மட்டும் போதாது, நடந்ததை எழுது. கறி கெட்டது ஃபிரிட்ஜால், ஃபிரிட்ஜ் கெட்டது முதலாளியின் கஞ்சத்தனத்தால், பதினான்கு மேசைக்கு ஒருத்தி, அவள்தான் முதலில் சொன்னவள் என்று எழுது. திட்டிய கிழவி உன் அம்மாதான் என்றும் சேர்த்துக்கொள், எனக்கு வெட்கம் இல்லை.

இன்னொன்று. அங்கே போன முதல் வருஷம் நூலகத்தில் வேலை என்று சொல்லி ஒரு படம் அனுப்பினாயே, அதில் உன் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. புத்தகம் தொட்டால் கை அப்படி வெடிக்காது, ஊருக்கெல்லாம் தட்டு கழுவினால்தான் வெடிக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன், அப்பாவிடமும் மூச்சு விடவில்லை. பம்பரம் கண்ணாடியை நீட்டியபோது அதே கையைப் பார்த்தேனடி.

நீ நூறு வயது நிறைவாய் இருக்க வேண்டும், உன் தட்டில் எப்போதும் நல்ல சோறு இருக்க வேண்டும். சனிக்கிழமையை மறக்காதே. படுக்கும் முன் கைக்கு எண்ணெய் தடவிக்கொள்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமை வாயை அடக்கியிருக்க வேண்டிய
உன் அம்மா