நார்க் கிரீடம்

2025 மார்ச் 9, ஞாயிறு
வீட்டுக்காரருக்கு வலது கை மறுபடி மரத்துவிட்டது. கழுத்தெலும்பு தேய்ந்து நரம்பை அழுத்துகிறதாம். "தலையில பாரமே கூடாதுங்க, கை கால் விழுந்துடும்" என்றார் டாக்டர். இவரோ கூத்தில் முப்பது வருஷத் துரியோதனன். மரக் கிரீடம் மட்டும் நாலரைக் கிலோ. ஆட வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்?

மார்ச் 30
பாலிடெக்னிக்கில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி பூஜா உதவினாள். கற்றாழை நாரைக் காயவைத்து, பழைய கிரீடத்தில் எடுத்த அச்சில் அடுக்கி, காய்ந்தால் கெட்டியாகும் ரெசின் பிசினைப் பூசினோம். நார் தனியே துவளும், ரெசின் தனியே உடையும். சேர்ந்தால் மண்சுவரும் வைக்கோலும் போல. சோதனைத் துண்டின் மேல் ஏறி நின்றேன், விரிசல் இல்லை. கிரீடம் எண்ணூறு கிராம்தான்.

ஏப்ரல் 20
"தலையில ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது டீச்சர். கிறிக்கி வரல" என்றார் இவர். வீட்டிலும் நான் டீச்சர்தான். கிறிக்கி என்றால் சுழன்றாடுவது. புதுக் கண்ணாடி போட்ட பையனுக்கு முதல் வாரம் தரை மேடாகத்தான் தெரியும், பழகிவிடும் என்றேன்.

ஏப்ரல் 27
"இப்ப சரியாப் போச்சு" என்கிறார். நிம்மதி.

ஜூன் 1
கீழ்பென்னாத்தூர் பக்கம் பாரதக் கூத்தின் கடைசி நாள், துரியோதனன் சாகும் படுகளம். காலை பத்து மணி. பீமன் துரத்த, மண்ணால் செய்த பெரிய துரியோதனனைச் சுற்றி ஓடிவந்து இவர் விழுந்தார். துரியோதனன் விழவேண்டிய இடம்தான். ஜனங்கள் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். கூத்து நடத்தும் கண்ணாயிரம்தான் குனிந்து, "பலராமண்ணே, போதும், எழுந்திருங்க" என்று இவரைத் தொட்டுப் பார்த்தார்.
எவ்வளவு நேரம் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன் நான் –

ஜூன் 4
வேலூர் ஆஸ்பத்திரி. கைகளில் அசைவு திரும்ப வருவது சந்தேகமாம்.

ஜூன் 19
வீடு வந்தோம். கிரீடத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தால், கனக்கிறது. உள்துணியைப் பிரித்தேன். மீன்வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகள், வரிசை வரிசையாக. அவருடைய தையல். தராசில் வைத்தேன். பழைய நாலரைக் கிலோ.
கேட்டேன். "பாரம் இல்லன்னா ராஜான்னே தோணல. நீ ஆசையா செஞ்ச. சொல்ல மனசு வரல."
புரியாமல் தலையாட்டும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன், முப்பத்திரண்டு வருஷம். வீட்டில் ஏன் பார்க்கல?

ஜூன் 20
எழுத ஓடவில்லை.

2026 பிப்ரவரி 22
கண்ணாயிரம் வந்தார். இந்த வருஷம் முருகவேல் என்ற பையன்தான் துரியோதனன், கிரீடம் வேண்டுமாம்.
"நார்ல செஞ்சதக் குடு" என்றார் இவர்.
ஈயத்தை எடுத்துவிட்டுத் தைத்து வைத்திருந்தேன். கனக்கும் என்று மூச்சைப் பிடித்துத் தூக்கிய கண்ணாயிரம் பின்னால் சாய்ந்தார். "இன்னாண்ணே, காத்தாட்டம் கீது?"
"கிறிக்கி வரலன்னா டீச்சர்கிட்ட வந்து சொல்லணும்னு அவன்கிட்ட சொல்லுப்பா. சும்மா தலையாட்டக் கூடாது."
சொல்லிவிட்டு இவர் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணில் வழிந்தது. கண்ணாயிரம் பார்க்காதது போல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
நான் துடைத்துவிட்டேன்.