பிடோக் அலமாரியின் கதவுகள்

மார்ச் 3, செவ்வாய்

என் கதவுகளை இர்ஃபான்தான் கெடுக்கிறான்.

பிடோக்கில் வாடிக்கையாளர் ரக்ஷனா வீட்டுத் தேக்கு அலமாரி. சனிக்கிழமை அவன் தூக்கி நிறுத்தினான், நான் இரண்டு கதவுகளையும் மாட்டினேன். நடுவில் வங்கி அட்டை நுழையும் இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரே சீர். நேற்று தட்டுகள் பொருத்த அவன் மட்டும் போனான். மாலையே ரக்ஷனா படம் அனுப்புகிறார்: இடது கதவு இறங்கி நிற்கிறது.

இன்று போய்க் கீலைச் சரிசெய்தேன்.

மார்ச் 6

மறுபடியும். புதன்கிழமை கைப்பிடி மாட்டப் போனது யார்? இர்ஃபான்.

கீல் திருகுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. தளர்த்திவிட்டு மறுபடி இறுக்கியிருக்கிறான். கெட்டிக்காரன்.

போன மாதம் முதலாளி விஸ்வலிங்கம் சொன்னார்: "கதவு வேலைய இர்ஃபானும் கத்துக்கட்டுமே லா." ஏன் என்று தெரியாதா? லாரியின் பின்னால் உட்கார்ந்து கிராஞ்சி தொழிலாளர் விடுதிக்குப் போகிறவன் மலிவு. அப்புறம் நான் எதற்கு?

மார்ச் 7

நேராகவே கேட்டேன். சிரிக்கிறான். "கதவையே பாக்குறியே தம்பி. கீழ பாத்தியா?"

எனக்கே பாடம் எடுக்கிறான்.

மார்ச் 9

முதலாளியிடம் சொல்லிவிட்டேன்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

மார்ச் 11

இர்ஃபானின் வேலை பெர்மிட் ரத்து. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு விமானம். முதலாளி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. இவ்வளவு சுலபமா?

நான் அனுப்பச் சொல்லவில்லையே.

மார்ச் 13, வெள்ளி

மறுபடியும் கோணல். ஆனால் இர்ஃபான் இந்தப் பக்கமே வரவில்லை.

ரக்ஷனா காபி கொடுத்தபடி சொன்னார்: "கீழ சின்னச் சின்ன மரத்துண்டு செருகியிருந்தாங்களே, தரை கூட்டுற என் ரோபோ வேக்கும் அதுல முட்டி முட்டி நின்னுச்சு. ஒவ்வொண்ணா எடுத்துட்டேன். நேத்துதான் கடைசி. குப்பைதானே அது?"

ரசமட்டத்தை அலமாரி மேல் வைத்தேன். முதல் தடவையாக. குமிழி ஓரத்துக்கு ஓடியது. தரையே சரிவு. துண்டு வைத்து அலமாரியைச் சமமாக்கியவன் இர்ஃபான். நான் இரண்டு முறை வந்து கீலை மட்டும் திருகியிருக்கிறேன்.

கீழ பாத்தியா என்றானே.

முதலாளிக்கு அனுப்பினேன்: "நான் பாக்கல. பொய் சொன்னேன். அவர அனுப்பாதீங்க." படித்துவிட்டார்.

மார்ச் 14

முதலாளியை ஆறு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. இப்போது என்மேல்தான் எனக்குச் சந்தேகம்: அவன் கெடுக்கிறான் என்று நம்பினேனா, அவன் போகட்டும் என்று நினைத்தேனா?

மார்ச் 15, ஞாயிறு

இர்ஃபானின் விமானம் போன பிறகு, மாலை முதலாளியின் செய்தி: "நாளைக்குப் புக்கிட் பாத்தோக்ல வேலை. நாலு கதவு. நீ மட்டும் போ."

"இர்ஃபானைத் திரும்பக் கூப்பிடுங்க. அப்புறம் போறேன்" என்று அனுப்பினேன்.

செய்திக்குக் கீழே இரண்டு நீல டிக்: படித்துவிட்டார். அவ்வளவுதான்.