கண்ணை மூடிக்கொண்டு பதினாலு காலடி

என் அன்பு மச்சாள் திரேசம்மாவுக்கு,

"ரீச்சர், கண்ணைக் கட்டிவிட்டா, இந்தக் கதிரையில இருந்து உம்மட குசினிக்குப் போய் காஸை மூடிப்போட்டு வருவீரோ?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மன்னார் பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் இப்படிக் கேட்டீர்கள். நான் சிரித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவள். கேள்வி கேட்பது என் வேலை, பதில் தேடுவது மற்றவர்களின் வேலை என்று பழகிப்போயிருந்தேன். "கண் இருக்கேக்க அதை ஏன் மச்சாள் கட்ட வேணும்?" என்று உங்களையே திருப்பிக் கேட்டேன்.

"கண் இருக்கும். வெளிச்சம் இருக்குமோ?"

அதற்குப் பதில் என்னிடம் இப்போது இருக்கிறது. சொல்வதற்குத்தான் நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த நேரம் கடல் வற்றிக் கிடக்கிறது. தோணிகள் சேற்றில் சரிந்து நித்திரை கொள்கிற மாதிரி இருக்கின்றன. படலையடியில் இரண்டு கழுதைகள் அசையாமல் நிற்கின்றன. காலை வெயில் யன்னல் வழியாக வந்து உங்கள் தம்பியின் காலில் விழுந்திருக்கிறது. இப்படியான காலைகளில் நீங்கள் செத்துப்போனது ஏதோ கேள்விப்பட்ட செய்தி மாதிரித்தான் இருக்கிறது. இப்போதும் கருவாட்டுக் கூடையோடு படலையைத் திறப்பீர்கள் என்று பாதி மனம் காத்துக்கொண்டிருக்கிறது.

உங்களைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். என் கணவர் சூசையின் அக்கா நீங்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பல வருடம் தமிழ்நாட்டு அகதி முகாமில் இருந்துவிட்டு வந்து, கருவாடு காயவைத்துப் பிழைத்தவர். உங்கள் அடையாள அட்டை எப்போதும் நனையாதபடி சொப்பின் பை ஒன்றில் சுற்றி, இன்னொரு சொப்பின் பையில் போட்டு, இடுப்பில் செருகியிருக்கும். கழுத்தில் உத்தரியத்தோடு சேர்த்து ஒரு விசிலும் தொங்கும்.

"என்ன மச்சாள், உதைபந்தாட்டத்துக்கு நீங்கள்தான் நடுவரோ?" என்று எத்தனை தரம் உங்களைப் பகிடி பண்ணியிருப்பேன்.

"உம்மட வாய் பெரிசுதான் ரீச்சர். ஆனா புயல் காத்துக்குள்ள அது கேக்காது" என்பீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் விடவில்லை. என் கண்ணைத் துவாயால் கட்டி, உங்கள் தம்பி சாய்ந்து உட்கார்ந்திருந்த கதிரைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, "நட" என்றீர்கள். அவருக்கு நல்ல சந்தோசம். வாழ்நாளில் முதல் தடவையாக நான் பரீட்சை எழுத, அவர் கண்காணிக்கிறார் அல்லவா? சத்தமாக எண்ணத் தொடங்கினார். "ஒண்டு! ரெண்டு! மூண்டு!" ஐந்தாவது அடியில் என் முழங்கால் ஒரு கதிரையில் இடித்தது. எங்கள் வீட்டில் அந்த இடத்தில் கதிரை கிடையாது. துவாயை இழுத்துப் பார்த்தால், நீங்கள்தான் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்!

"இது அநியாயம் மச்சாள்!"

"ஆபத்து வரேக்க, ரீச்சர் வாறா எண்டு கதிரையை ஒதுக்கி வைச்சிட்டே வரும்?"

ஏழாவது அடியில் அலுமாரி மூலை. ஒன்பதில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பதினாலில் குசினி வாசற்படி காலில் தட்டும். கைநீட்டினால் காஸ் சிலிண்டர். நான் போய்ச் சேர்ந்ததும் உங்கள் தம்பி "வந்தாச்சு!" என்று கத்துவார், தோணி கரைக்கு வந்த மாதிரி. அதன்பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு இது எங்கள் வீட்டு விளையாட்டாகிவிட்டது. கண்ணை மூடினால் வீடு எவ்வளவு பெரிதாகிவிடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. நாலு சுவர் வீடு, கரை தெரியாத கடல் மாதிரி.

ஒருநாள் மட்டும் நீங்கள் காரணத்தைச் சொன்னீர்கள். கருவாட்டைப் புரட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள். "முகாமில எங்கட குடிசை எட்டடி நீளம். ஆறு வருசம் இருந்தனான். ஒருநாள் மத்தியானம் நெருப்புப் பிடிச்சு, புகைக்குள்ள என்ர வாசலை நான் காணேல்ல ரீச்சர். எட்டடி. சுவரைத் தடவித் தடவி நிண்டனான். பக்கத்து வீட்டுக்காரன் ஓலையை வெட்டி இழுத்தெடுத்தான்." மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை உங்கள் கையில் இருந்த தழும்பை, முழுக்கைச் சட்டை போட்டு ஏன் மறைத்தீர்கள் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கியது.

நானும் எனக்குத் தெரிந்ததை உங்களுக்குச் சொல்லிப் பார்த்தேன். "காஸ் காத்தைவிடப் பாரம் மச்சாள். மாரித் தண்ணி பள்ளத்தில தேங்கிற மாதிரி நிலத்தோட கிடக்கும்" என்றேன். "அப்ப யன்னல் மட்டும் காணாது, கதவைத் திற எண்டு சொல்லுமன்" என்று ஒரே வசனத்தில் என் பாடத்தை முடித்துவிட்டீர்கள். பிறகு உங்கள் பாடத்தைச் சொன்னீர்கள். "இருட்டில நெருப்புக்குச்சி தட்ட முன்னம் மூண்டு மூச்சு இழுக்க வேணும். முதல்ல மூக்கைக் கேக்க வேணும். பிறகுதான் மாதாவைக் கேக்கலாம்."

நீங்கள் போய் இரண்டு வருடம் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து நீங்கள் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். "தம்பியைப் பாத்துக்கொள்ளும்." அவர் என்னைவிடத் திடமாக நின்றுகொண்டிருந்த நேரம் அது. எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. உங்களுக்கு ஏதேனும் தெரிந்திருந்ததா?

ஆறு மாதத்தில் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது, "ஓம்." சோறு வேணுமோ என்றாலும் ஓம், வேண்டாமோ என்றாலும் ஓம். கண்ணைப் பார்த்துத்தான் எது என்று நான் தெரிந்துகொள்வேன். தெருவைப் பார்க்கட்டும் என்று அவருடைய பழைய கதிரை இருந்த இடத்திலேயே கட்டிலைப் போட்டேன். நம்முடைய ஞாயிறு விளையாட்டு நின்றுபோயிற்று. எண்ண ஆளில்லாமல் யாருக்காக நடப்பது?

போன மாரியில் ஒருநாள், பின்னேரம் ஆறரை மணி இருக்கும். குசினியில் கேத்தலை அடுப்பில் வைத்திருந்தேன். வானம் கறுத்து, காற்று ஊளையிடத் தொடங்கியது. அவருடைய கட்டிலுக்கு மேலேயிருந்த யன்னல் படாரென்று திறந்து மழை உள்ளே அடித்தது. ஓடிப்போய் யன்னலைச் சாத்தி, முன்பக்க யன்னல்களையும் சாத்தி, நனைந்த விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது கறண்ட் போய்விட்டது. வீட்டுக்குள் மை இருட்டு. கூரை ஒழுக்குக்கு ஒரு பேசினையும் எங்கேயோ வைத்துவிட்டிருந்தேன்.

இடி இடித்தது. அவர் இடக்கையால் என் சேலையை இழுத்து, கட்டிலடி மேசையில் மாதாவின் சின்னச் சிலை, அந்தச் சுருவம், இருக்கும் பக்கம் தள்ளினார். விளங்கியது. பெப்ரவரியில் கோயிலில் மந்திரித்துத் தந்த மெழுகுதிரி அங்கேதான் இருக்கிறது. இடி மழைக்கு அதைக் கொளுத்தாத வீடு பள்ளிமுனையில் உண்டா? சுருவத்தடியில் நெருப்புப்பெட்டி கையில் பட்டது. குச்சியை எடுத்துப் பெட்டியின் மருந்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். உரசுவது மட்டும்தான் பாக்கி.

அப்போது உங்கள் நினைவு வந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை, 'மூண்டு மூச்சு' என்பது மட்டும்.

முதல் மூச்சில் மழை மணந்தது. இரண்டாவது மூச்சில், முற்றத்திலிருந்து அவசரத்தில் உள்ளே எடுத்துவைத்த கருவாடு. மூன்றாவதை நீட்டி இழுத்தேன். கருவாட்டு வாசத்துக்கு அடியில், மெல்லியதாக, நிலத்தோடு நிலமாக, காஸ். குசினி யன்னலும் திறந்து, காற்று அடுப்பை அணைத்திருக்கிறது. நெருப்பு இல்லை, காஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது.

நெருப்புப்பெட்டியை அவருடைய தலையணைக்குக் கீழே வைத்தேன். தலைமாட்டில் ரோச் லைட் இருந்தது, தொடவில்லை. சின்னப் பொறி போதும் என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருப்பேன். "காஸ் மணக்குது. நான் போய் மூடிப்போட்டு வாறன்" என்று அவரிடம் சொன்னேன். வேறு வழி என்ன? தனியாக அவரைத் தூக்க என்னால் முடியாது. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் வெளியே ஓடலாம். அப்படி ஓடினால் உங்களுக்கு நான் என்ன சொல்வேன்?

கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்திருந்தால் அது வேறு யாருடையதோ ஆன இருட்டு. மூடினால் என்னுடைய இருட்டு. முதல் அடியை வைத்தேன்.

"ஒண்டு."

நான் அப்படியே நின்றுவிட்டேன் மச்சாள். ஒன்றரை வருடம் 'ஓம்' தவிர வேறு சொல் வராத வாயிலிருந்து. குரல் கொழகொழத்திருந்தது. ஆனால் அது உங்கள் தம்பியின் குரல்தான். என் செருப்புச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். அடுத்த அடியை வைத்தேன்.

"ரெண்டு… மூண்டு… நாலு…"

ஐந்தாவது அடியில் பேசின் காலில் தட்டித் தண்ணீர் கொட்டியது. அந்த ஆபத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைக்குக் கதிரையை வைத்த மாதிரி இதையும் வைத்தது நீங்கள்தானா? நான் சுற்றிப் போகும்வரை அவர் எண்ணவில்லை. திரும்பவும் அடி வைத்தபோதுதான் "ஆறு" என்றார். ஏழில் அலுமாரி மூலை. ஒன்பதில் திரும்பினேன். அந்த நடையில் ஒரு இடத்தில் நல்லெண்ணெய் பூசிய தலையின் வாசம் வந்தது. நான் நல்லெண்ணெய் பூசுவதில்லை, நீங்கள்தான் பூசுவீர்கள். அதை நான் யாரிடமும் கேட்கப் போவதில்லை.

"பதினாலு."

வாசற்படி தட்டியது. குனிந்தேன். ரெகுலேட்டரைத் திருகி மூடினேன். உள்ளேயிருந்து சத்தம் வந்தது: "வந்தாச்சு!"

பின்கதவைத் திறந்தேன். அந்தக் கதவு ஆணியில் உங்கள் விசில் தொங்குகிறது, நீங்கள் போன நாளிலிருந்து. எடுத்து மூச்சு முட்ட ஊதினேன். பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாவும் அவளுடைய மனுசனும் மழைக்குள் ஓடிவந்தார்கள், கையில் ரோச் லைட்டோடு. "ஸ்ரெல்லா, ரோச்சை நிப்பாட்டு! காஸ்! அங்கேயே வைச்சிட்டு வா!" என்று கத்தினேன். அவரை விரிப்போடு தூக்கி விறாந்தைக்குக் கொண்டுவந்தோம். முன்கதவும் பின்கதவும் திறந்திருக்க, காற்று வீட்டைக் கூட்டித் துடைத்துக்கொண்டு போனது. உள்ளே குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, கறண்ட் வந்தால் அது தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். அதனால் மன்னாரில் கறண்ட் வரக்கூடாது என்று அன்று செபித்த ஒரே மனுசி நானாகத்தான் இருக்கும்.

ஸ்ரெல்லா தலையைத் துவட்டிக்கொண்டு சொன்னாள், "ரீச்சர், காஸுக்கு நான் பயப்பிடேல்ல. திரேசக்கா செத்து ரெண்டு வருசம். விசில் கேக்குது எண்டவுடன என்ர நெஞ்சே விறைச்சுப்போச்சு!"

உங்கள் தம்பி சிரித்தார். பாதி முகம்தான் சிரிக்கும். ஆனால் சிரித்தார்.

வீட்டுக்கு வரும் தாதி விசயத்தைக் கேட்டுவிட்டு, எண்ணுவது, செபம் சொல்வது மாதிரி வாய் பழகிப்போனவை சிலருக்கு இப்படி மிஞ்சுவதுண்டு, விடாமல் எண்ணச் சொல்லுங்கோ என்றார். இப்போது தினமும் காலையில் நான் கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறேன், அவர் எண்ணுகிறார். போன கிழமை, உங்களை நினைத்துக்கொண்டு, நானே ஒரு கதிரையைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டு நடந்தேன். "மூண்டு… நாலு…" என்று வந்த குரல் நின்றது. பிறகு, தொண்டையைப் பிய்த்துக்கொண்டு,

"கதிரை!"

நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். கண்காணிக்கிறவர் விடை சொல்லிக் கொடுக்கலாமோ என்று கேட்டிருப்பீர்கள். நான் கண்ணைத் திறக்காமல் அந்தக் கதிரையிலேயே இருந்து அழுதேன். எண்ணிக்கை மனப்பாடம். இந்தச் சொல்லை அவர் எனக்காகத் தேடி எடுத்திருக்கிறார்.

மச்சாள், நீங்கள் கேட்டதை நான் பார்த்துக்கொள்வேன். அவர் எண்ணும்வரை நான் நடப்பேன். அவருக்கு எண்ண முடியாத நாள் வந்தால், அவருக்கும் சேர்த்து நானே சத்தமாக எண்ணி நடப்பேன். விசில் ஆணியிலேயே இருக்கும்.

இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. இன்றைக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, உங்கள் கட்டிலிலிருந்து காஸ் சிலிண்டர் வரை எத்தனை காலடி என்று சத்தமாக எண்ணி நடந்து பாருங்கள்.

கதிரையில் இடித்த முழங்காலோடு,
உங்கள் தம்பியின் மனைவி,
நீங்கள் 'ரீச்சர்' என்று கூப்பிட்ட மச்சாள் மெற்றில்டா